ஆண்டுக்கு ஒன்பது கன மீட்டர்

ஃபென்னா டைக்கெமா சிக்கனக்காரி என்பது ஸ்லோட்டர்வேன் ஊருக்கே தெரியும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. காப்பியோடு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிடுகிற ஊர் அது. இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டினவனை அவன் பேரப்பிள்ளை காலம்வரை நினைவு வைத்திருப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் சிக்கனக்காரி என்று பெயர் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஃபென்னா எடுத்திருந்தாள். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமையை அவள் கழிவறையில் ஒட்டி வைத்திருந்தாள். எல்லா வீடுகளிலும் போல அவள் வீட்டுக் கழிவறையிலும் உறவுக்காரர்களின் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. அதற்குக் கீழே, தண்ணீர் கம்பெனி ஜனவரியில் அனுப்பிய கடிதம். தனியாக வசிப்பவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது கன மீட்டர் தண்ணீர் செலவழிக்கிறார்கள், நீங்கள் செலவழித்தது ஒன்பது என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் ஒரு பச்சை இலைப் படம். உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து வருகிறவர்கள் எல்லாரும், "ஒன்பதா!" என்பார்கள். "ஒன்பதேதான்," என்பாள் ஃபென்னா, காப்பியை ஊற்றிக்கொண்டே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஃபென்னா தன் மீட்டரால் கெட்டாள்.

ஒன்பதின் ரகசியம் இதுதான். அவளுக்கு வேலை ஊர் நீச்சல்குளத்தில். காலை ஏழு மணிக்குப் போய் உடை மாற்றும் அறைகளையும் கழிவறைகளையும் தேய்த்துக் கழுவுவாள். பதினொரு மணிக்கு வேலை முடிந்ததும் அங்கேயே பெண்கள் ஷவரில் நின்று கால் மணி நேரம் சுடச்சுடக் குளிப்பாள். பாட்டும் பாடுவாள். அவளுடைய துணிமணிகள் நீச்சல்குளத்து டவல்களோடு சேர்ந்து கீழ்த்தளத்து இயந்திரத்தில் சுழன்று காய்ந்து வரும். வீட்டுக் கழிவறைக்கு முற்றத்துப் பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர். இவையெல்லாம் போக மிச்சம் என்ன? காப்பி, உருளைக்கிழங்கு, நாலு தட்டு. அதுதான் ஒன்பது.

ஊர்த் தண்ணீரில் இப்படிக் குளிப்பதும் துவைப்பதும் விதிப்படி கூடாது. பணியாளர் அறையில் பலகையே மாட்டியிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் தன் சைக்கிள் பேட்டரியை அங்கே சார்ஜ் போட்டுக்கொண்டான் என்று வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஃபென்னா அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. எப்படியும் ஓடுகிற தண்ணீர், எப்படியும் சுற்றுகிற இயந்திரம்.

சம்பளம் சின்னது. வீட்டு வாடகையில் பாதிக்கு மேல் அரசாங்கம் உதவியாகக் கொடுத்தது. அது மாதம் தவறாமல் வரும். அது நின்றால் வீடும் போய்விடும். வீடு என்று பார்த்தால் ஓர் அறை, ஒரு சமையலறை, நாலு பக்கமும் சுவர் வைத்த முற்றம், தெருவைப் பார்த்த ஒரே ஒரு கதவு. அந்த ஒற்றைக் கதவுதான் ஃபென்னாவுக்கு உயிர்.

அவள் கல்யாணமாகிப் போன வீட்டில் இரண்டு கதவுகள் இருந்தன. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் முன்கதவு என்பது போதகர் வருவதற்கும் சவப்பெட்டி போவதற்கும் மட்டும்தான். மற்ற எல்லாரும் பின்கதவு வழியாகத் தட்டாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிடுவார்கள். மாமியார் இருபத்தாறு வருடம் அப்படி வந்தாள். வந்து பானை மூடியைத் திறந்து பார்ப்பாள், படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்ப்பாள், ஃபென்னா அழுதுகொண்டிருந்தால் ஏன் அழுகிறாள் என்று மகனிடம் கேட்பாள். ஐம்பதாவது வயதில் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஃபென்னா இந்த வீட்டுக்கு வந்தபோது வீட்டு வாரியத்துக்காரர் இரண்டு சாவி கொடுத்தார். "இன்னொண்ணு யாருக்கும்மா?" என்று கேட்டார். "அதுவும் எனக்குத்தான்," என்றாள். இரண்டும் சமையலறை ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின.

ஹார்முக்குக்கூட அதில் ஒன்று கிடைக்கவில்லை. ஹார்ம் ஏழு கிலோமீட்டர் தள்ளி உருளைக்கிழங்கு பயிரிடுகிறவன், மனைவியை இழந்தவன். ஞாயிறு மதியம் ஃபென்னா சைக்கிளில் அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுச் சீட்டாடிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். இங்கேயே வந்துவிடு என்று மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டான். "உன் வீட்டுக்குப் பின்கதவு இருக்கு ஹார்ம்," என்று மூன்று தடவையும் மறுத்துவிட்டாள்.

மார்ச் மாதத்தில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. முகவரி விசாரணை, வியாழக்கிழமை பத்து மணி.

இரண்டு பேர் வந்தார்கள். நைன்கே என்ற இளம் அதிகாரி, முப்பது வயது இருக்கும், முகம் நல்ல முகம். கூட பெரெண்ட் என்ற பெரியவர், வாய் திறக்காமல் சுவரையும் கூரையையும் பார்க்கிறவர். ஃபென்னா காப்பி போட்டாள். ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள்.

"டைக்கெமா அம்மா, பயப்படாதீங்க," என்றாள் நைன்கே. "பட்டியல்ல உங்க பேர் வந்திருக்கு, அவ்வளவுதான். வாடகை உதவி வாங்குற வீடு, தண்ணி செலவு ரொம்பக் கம்மி. இந்த மாதிரி வீடுங்கள்ல பல சமயம் ஆளே இருக்கறதில்ல. வேற எங்கயோ, யார்கூடயோ இருப்பாங்க."

"நான் இங்கதாம்மா இருக்கேன். பதினோரு வருஷமா."

"நம்பறேன். வீட்டச் சுத்திப் பார்க்கலாமா? வேண்டாம்னும் நீங்க சொல்லலாம்."

"வேண்டாம்னு சொன்னா?"

பெரெண்ட் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "வேண்டாம்னு சொன்னீங்கன்னு எழுதிக்குவோம்."

பார்த்தார்கள். படுக்கையைப் பார்த்தார்கள், பல் துலக்கும் பிரஷ் எத்தனை என்று பார்த்தார்கள், கழிவறையில் பச்சை இலைக் கடிதத்தைப் பார்த்தார்கள். அப்புறம் பெரெண்ட் குளியலறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஷவருக்குக் கீழே இஸ்திரிப் பலகை சாய்ந்திருந்தது. அதன் காலடியில் ஹார்ம் கொடுத்த உருளைக்கிழங்கு மூட்டை. மூட்டைமேல் கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டி. தண்ணீர் போகும் ஓட்டையில் ஒரு சிலந்தி குடும்பத்தோடு குடியிருந்தது. பெரெண்ட் குழாயைத் திருகினார். அது இரண்டு தடவை இருமிவிட்டுப் பழுப்பாக ஒரு வாய் துப்பியது.

"அம்மா," என்றாள் நைன்கே மெதுவாக. "நீங்க எங்க குளிக்கிறீங்க?"

கேள்வி சின்னதுதான். நீச்சல்குளத்தில் என்றால் வேலை போகும். அந்தக் குளமும் இந்த நகராட்சியுடையதுதான், கேட்பவள் சம்பளம் வாங்கும் அதே இடம். வேலை போனால் மிச்ச வாடகைக்கு எங்கே போவது? ஹார்ம் வீட்டில் என்று ஒரு பொய் சொன்னால், அவனோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று எழுதிக்கொள்வார்கள். வாடகை உதவி அந்த நிமிடமே போகும். இரண்டு பக்கமும் நெருப்பு. இருதலைக் கொள்ளி எறும்புக்காவது நடுவில் கொஞ்சம் குச்சி இருந்தது. ஃபென்னாவுக்கு இருந்தது ஒரே ஒரு பதில்.

"குளிக்கிறதில்ல," என்றாள்.

நைன்கேயின் பேனா நின்றது. "அப்படின்னா?"

"துணிய நனைச்சுத் தொடச்சுக்குவேன். எங்க வீட்டுல அந்தக் காலத்துல அப்படித்தான்."

"எத்தனை வருஷமா?"

"இங்க வந்ததுலேருந்துதான். பதினொண்ணு."

"துணி துவைக்கிறது?"

"மழைத்தண்ணில. கையால."

நீச்சல்குளத்து ஓடுகளின் இடுக்கைப் பல்பிரஷ் வைத்துச் சுத்தம் செய்கிறவள், வாரத்துக்கு இரண்டு தடவை ஜன்னல் கண்ணாடி துடைக்கிறவள், தன் வாயால் தன்னை அழுக்குப்பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டாள். காது மடல்வரை அவளுக்கு எரிந்தது. நைன்கே எல்லாவற்றையும் எழுதினாள்.

"நெருக்கமானவங்க யாராவது? நண்பர் மாதிரி?"

"யாரும் இல்ல."

"உருளைக்கிழங்கு?" என்றார் பெரெண்ட்.

"தள்ளுபடில போட்டான், வாங்கினேன்."

எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று மாதத்துக்கு, ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மீட்டரைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்றார்கள். வாசலில் காலணி மாட்டிக்கொண்டே பெரெண்ட் திரும்பினார். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பயத்துல சில பேர் மறுநாளே குழாயத் திறந்து விட்டுடறாங்க. தண்ணி செலவு திடீர்னு ஏறிச்சுன்னா, இத்தன நாள் நீங்க இங்க இல்லன்னு ஆயிடும். எப்பவும் போலவே இருங்க."

எப்பவும் போல. கதவைச் சாத்திவிட்டு ஃபென்னா இஸ்திரிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய எப்பவும் போல நீச்சல்குளத்தில் அல்லவா இருந்தது?

முதல் வாரம் அவள் நீச்சல்குளத்தில் குளித்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த புதன்கிழமை முதல் வகுப்புக்கு வந்த சின்னக் குழந்தைகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெற்றோர்கள். அவர்களுக்கு நடுவில் நைன்கே. அவள் மகளுக்கு நீச்சல் சான்றிதழ் வாங்க வேண்டிய வயது. அந்த ஊரில் நீந்தத் தெரியாத குழந்தையை வாய்க்கால் பக்கம்கூட விடமாட்டார்கள்.

நைன்கே அவளைப் பார்த்துவிட்டாள். துப்புரவுக் கம்பெனியில் வேலை என்று ஃபைலில் இருந்ததே தவிர, எந்த இடம் என்று அதில் இல்லை. "ஓ, நீங்க இங்கயா!" என்று எழுந்து வந்தாள். அப்புறம் அவள் கண், அவளை அறியாமலே, ஃபென்னாவின் தலைமயிருக்குப் போனது. நல்லவேளை அப்போது மணி ஒன்பதரைதான், தலை காய்ந்திருந்தது. ஆனால் அந்தப் பார்வையில் இருந்தது சந்தேகம் இல்லை. பரிதாபம். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் இருக்க இந்த அம்மா குளிக்கத் தெரியாமல் இருக்கிறாளே என்ற பரிதாபம். ஃபென்னாவுக்கு அடித்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அன்றிலிருந்து ஷவர் போயிற்று. ஈரத்தலையோடு ஒருநாள் தெருவில் போய், அது யார் கண்ணிலாவது பட்டு, யார் வாயாலாவது நகராட்சிக்குப் போனால்? ஊர் சின்னது, வாய் பெரியது. துணியைக் கீழ்த்தளத்து இயந்திரத்தில் போடுவதையும் விட்டாள். வீட்டு ஷவரைத் தொட முடியாது, மீட்டர் காட்டிக்கொடுக்கும். கடைசியில் அவள் சமையலறைத் தொட்டியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, துணி நனைத்து, கழுத்திலிருந்து கால்வரை துடைத்துக்கொண்டாள். பீப்பாய் மழைத்தண்ணீரில் துணி துவைத்து முற்றத்தில் போட்டாள். ஏப்ரல் குளிரில் அது காயவில்லை, நாறியது. பொய் சொல்லி ஒரு மாதம் ஆவதற்குள் அந்தப் பொய் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது. இனி யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது.

காலை முழுக்க நீராவிக்குள் நின்றாள். சுற்றிலும் பெண்கள் ஷவரில் நின்று சோப்பு நுரையோடு சிரித்தார்கள். ஃபென்னா அவர்கள் காலடியில் முடியைப் பொறுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை நீர் உடற்பயிற்சிக்கு வருகிறவர்களில் பௌவீன் என்று ஒருத்தி, அகலமான தோள், அதைவிட அகலமான குரல். முதியவர் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து வருவது அவள் பிழைப்பு. வேலைச் சட்டையோடுதான் வருவாள், பயிற்சி முடிந்து அதே சட்டையோடு போவாள். வருடக்கணக்காக ஃபென்னாவும் அவளும் பக்கத்துப் பக்கத்து ஷவரில் நின்று குளித்திருக்கிறார்கள். ஃபென்னாவின் ஷாம்புவில் பாதி பௌவீன் தலையில்தான் தீர்ந்தது.

"என்னடீ, நாலு வாரமா உன் கச்சேரியக் காணோம்?" என்றாள் பௌவீன், தலையைத் துவட்டிக்கொண்டே. "ஷாம்புவ மிச்சம் பிடிக்கறியா? நான் வேணா என்னோடத கொண்டாறேன், கோவிச்சுக்காத."

"தோல்ல ஏதோ அலர்ஜி. டாக்டர் வேண்டாம்னுட்டார்."

"எங்க காட்டு."

"காட்டற எடத்துல இல்ல."

பௌவீன் சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஃபென்னா இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். தன் மேல் வாடை வருகிறதோ என்று சமீபகாலமாக எல்லாரிடமிருந்தும் இரண்டடி தள்ளி நிற்கப் பழகியிருந்தாள்.

ஹார்மிடம் போனில்தான் பேச்சு. யாருமில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகு அவன் வீட்டு வாசலில் அவள் சைக்கிள் நிற்கலாமா? அவன் வண்டி இங்கே நிற்கலாமா? மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவன் பொறுமை போயிற்று.

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"நெருக்கமானவங்க உண்டான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் இல்லன்னேன்."

"பேதுரு ஏசுவையே மூணு தடவ தெரியாதுன்னான்," என்றான் ஹார்ம். "அவனுக்காவது உயிர்ப் பயம். உனக்கு எதுக்குடீ, ஒரு கதவுக்கா?"

"ஆமா," என்றாள் ஃபென்னா. "கதவுக்குத்தான்."

"இங்க வந்துடுன்னு சொன்னேன். வாடகையும் வேணாம், உதவியும் வேணாம், தொட்டி நிறையத் தண்ணி."

"உன் அக்கா காலைல காப்பிக்கு எந்த வழியா வராங்க?"

ஹார்ம் பொய் சொல்லத் தெரியாதவன். "பின்பக்கமாத்தான்," என்றான். அதற்கப்புறம் அவன் போன் செய்யவில்லை. உருளைக்கிழங்கும் வரவில்லை. ஃபென்னா ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் திரையை நன்றாக விலக்கிவிட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் இங்கேதான் இருக்கிறேன், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கட்டை எடுத்து ஒற்றை ஆளாக விளையாடிப் பார்த்தாள். அழுகை வந்தது. திரை விலகியிருந்ததால் அதையும் அடக்கிக்கொண்டாள்.

ஒன்றாம் தேதிகளில் மீட்டருக்கு முன் மண்டியிட்டுப் படம் எடுத்தாள். முக்கால் கன மீட்டர். இன்னொரு முக்கால். மூன்றாவது மாதமும் முக்கால். இவ்வளவு ஒழுங்கான மீட்டரை அந்த நகராட்சி கண்டிருக்காது.

ஜூன் கடைசியில் பதில் வந்தது. நின்றபடியே பிரித்தாள். முதல் தாளில், விசாரணை முடிந்தது, நீங்கள் அந்த முகவரியில் தனியாக வசிப்பது உறுதியாகிறது, வாடகை உதவி தொடரும் என்று இருந்தது. ஃபென்னா அந்தத் தாளை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டாள். ஆணியில் தொங்கிய இரண்டு சாவிகளையும் தொட்டுப் பார்த்தாள். காப்பி போட்டாள். டப்பாவைத் திறந்து, ஒரு பிஸ்கட் எடுத்து, யோசித்து, இரண்டாவதும் எடுத்தாள்.

இரண்டாவதைக் கடித்தபோதுதான் இன்னொரு தாள் இருப்பதைப் பார்த்தாள்.

விசாரணையில் நீங்கள் அளித்த வாக்குமூலம் எங்களுக்குக் கவலை தந்தது என்று ஆரம்பித்தது அது. பதினொரு ஆண்டுகளாகக் குளிக்காமல் இருப்பது தன்னைத்தானே கவனித்துக்கொள்ள இயலாமையின் அடையாளம். எனவே உங்களைப் பராமரிப்புக் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் உதவியாளர் வந்து உங்களைக் குளிப்பாட்டுவார். அதற்காகும் கூடுதல் தண்ணீர் உங்கள் ஃபைலில் குறிக்கப்படும். உங்களுக்கு ஏதாவது ஆகி, கதவைத் திறக்க முடியாமல் போனால் என்ன செய்வது? ஆகவே வாசல் நிலையில் ஒரு சாவிப்பெட்டி பொருத்தப்படும்.

ஃபென்னா நைன்கேவுக்குப் போன் செய்தாள்.

"எனக்கு யாரும் வேண்டாம்மா. நானே குளிச்சுக்கறேன். இன்னிலேருந்தே."

"டைக்கெமா அம்மா," நைன்கேயின் குரல் வெண்ணெயாக இருந்தது. "எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க. வெட்கப்பட ஒண்ணுமில்ல. உங்களுக்காக நான் தனியா எழுதிக் கேட்டு வாங்கினேன் தெரியுமா?"

"தெரியாம அப்படிச் சொல்லிட்டேன்னு வச்சுக்கோங்களேன். குளிக்கிறதில்லன்னு சொன்னது..."

"சொன்னது சரியில்லன்னா," என்றாள் நைன்கே, இப்போது கொஞ்சம் நிதானமாக, "எங்க குளிச்சீங்கன்னு நான் மறுபடியும் கேட்கணும். ஃபைலத் திறக்கணும். திறக்கவா?"

ஃபென்னா சுவரைப் பார்த்தாள். "வேண்டாம்," என்றாள்.

வியாழக்கிழமை ஒரு பையன் துளைபோடும் கருவியோடு வந்து, கதவுக்குப் பக்கத்தில் கையகலப் பெட்டி ஒன்றைத் திருகி வைத்தான். நான்கு எண் சரியாகச் சுழற்றினால் திறக்கும். சாவி கொடுங்கள் என்றான். ஃபென்னா சமையலறைக்குப் போய் ஆணியிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து வந்து கொடுத்தாள். அதைப் பெட்டிக்குள் போட்டு மூடி எண்களைக் கலைத்தான். நம்பர் என்ன என்று கேட்டாள்.

"அது உதவியாளருங்களுக்கு மட்டும்தாங்க. சில பேர் உள்ள இருந்துக்கிட்டே சாவிய எடுத்து ஒளிச்சு வச்சுடறாங்க."

செவ்வாய்க்கிழமை காலை ஃபென்னாவுக்கு நீச்சல்குளத்தில் லீவு. பராமரிப்புக் குழுவே பேசி வாங்கிக் கொடுத்தது. காரணம் மட்டும் சொல்லவில்லையாம், அவ்வளவு மரியாதை. எட்டு மணிக்கு வாசலில் எண்கள் உருளும் சத்தம் கேட்டது. தட்டவில்லை. சாவி திரும்பியது. அகலமான ஒரு தோள் உள்ளே நுழைந்தது.

"டைக்கெமா அம்மா? நான் உங்க..." என்று ஆரம்பித்த பௌவீன் அப்படியே நின்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பௌவீன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "பதினோரு வருஷமா குளிக்காத அம்மா," என்று படித்தாள். நிமிர்ந்தாள். "நீயா?"

ஃபென்னா தலையாட்டினாள்.

பௌவீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "உன் ஷாம்பு போட்டுத்தானடீ என் தலையே வளர்ந்துது!" அப்புறம் ஃபென்னாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. ஃபென்னா உட்கார்ந்து, மார்ச்சிலிருந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். காப்பி ஆறிப்போனது.

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்று முடித்தாள் ஃபென்னா.

"என் வாயிலேருந்து வராது."

"அப்போ ஒண்ணு பண்ணு பௌவீன். வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து காப்பி குடிச்சுட்டுப் போ. குளிப்பாட்டினேன்னு தாள்ல எழுதிடு. நான் பாட்டுக்கு நானே குளிச்சுக்கறேன்."

பௌவீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "அது மட்டும் முடியாதுடீ."

"ஏன்?"

"செய்யாதத நான் எழுத மாட்டேன். பதினெட்டு வருஷத்துல ஒரு தடவகூட எழுதினதில்ல. கிழவி மாத்திரைய முழுங்கலன்னா முழுங்கலன்னுதான் எழுதுவேன். இன்னிக்குக் குளிப்பாட்டலன்னா, குளிப்பாட்டல, அவங்களே குளிச்சுக்கறாங்கன்னுதான் எழுதணும். எழுதவா? எழுதினா அந்தப் பொண்ணு ஃபைலத் திறக்கும்."

ஃபென்னா அவளைப் பார்த்தாள். பௌவீனும் கண்ணை எடுக்கவில்லை. நல்லவர்கள்தான் எல்லாரும். பெரெண்ட் நல்லவர், நைன்கே நல்லவள், பௌவீன் எல்லாரையும்விட நல்லவள், பொய் எழுதாதவள். இத்தனை நல்லவர்கள் சுற்றி நின்றால் ஒரு மனுஷி எந்தப் பக்கமாகத்தான் வெளியே போவது?

"அப்போ?" என்றாள் ஃபென்னா.

"அப்போ என்ன," என்று எழுந்தாள் பௌவீன். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினாள். அவள் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது. "வா. கழட்டு."

இஸ்திரிப் பலகையை வெளியே எடுத்து வைத்தார்கள். பௌவீன் குழாயைத் திருகினாள். அது இருமியது, பழுப்பாகத் துப்பியது, பிறகு தெளிந்தது. சிலந்தியை ஒரு தாளில் ஏந்தி முற்றத்தில் விட்டு வந்தாள். பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைப் போட்டாள். அது அவள் கூடவே கொண்டுவருவது, தொண்ணூறு வயதுக்காரர்களுக்கானது. இதே உடம்பை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள், பக்கத்து ஷவரில், பேச்சுவாக்கில். ஆனால் இன்று ஃபென்னா கையால் மார்பை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பௌவீன் கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டாள்.

"அது எதுக்குடீ?" என்றாள் ஃபென்னா.

"விதி," என்றாள் பௌவீன். "கையத் தூக்கு."

ஃபென்னா கையைத் தூக்கினாள். மூன்றரை மாதத்துக்குப் பிறகு சுடுதண்ணீர் முதுகில் இறங்கியது. அவள் உடம்பு, வெட்கம் மானம் ஒன்றும் பார்க்காமல், அதை வாங்கிக்கொண்டது. எவ்வளவு சுகமாக இருந்தது! அந்தச் சுகம்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. விக்கி விக்கி அழுதாள். பௌவீன் அக்குளைத் தேய்த்தாள், கால்விரல் இடுக்கைத் தேய்த்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை.

"தலைக்கும் ஊத்தவா?"

"மீட்டர் ஓடுது," என்றாள் ஃபென்னா.

"ஓடட்டும். இது அவங்க கணக்குல இருக்கற தண்ணி."

துவட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்தாள். தாளில் குளிப்பாட்டல் என்ற இடத்தில் குறி போட்டாள். எந்த அளவு உதவி தேவைப்பட்டது என்று ஒரு கேள்வி இருந்தது. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முழுமையாக என்று எழுதினாள். அது அன்றைக்கு உண்மைதான்.

"வெள்ளிக்கிழமை வரேன்," என்றாள் வாசலில் நின்று. "ஷாம்பு நான் கொண்டாறேன். கடன்பட்டிருக்கேன் இல்ல."

கதவு சாத்தியது. வெளியிலிருந்து பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு சாவி பெட்டிக்குள் விழுந்தது. பிறகு எண்கள் உருண்டன, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஈரத்தலையோடு ஃபென்னா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நான்கு எண்கள் என்னவென்று ஊரில் ஆறு உதவியாளர்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.